ஈரச் சாலையில் பின்சக்கரம் விலகியது: என் ராஜ்தூத் 350 அனுபவம்

என் வண்டி 1985 ராஜ்தூத் 350 பைக். 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்தி அதிகமாகிப் பின்சக்கரம் வழுக்காமல் தடுப்பது) கிடையாது. பின்சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரைத் திருகும் வலது மணிக்கட்டுதான் காப்பாற்ற வேண்டும்.

போன மழையில் ஒரு வளைவில் இன்ஜின் முதலில் விக்கியது. அடுத்த நொடி மொத்த சக்தியும் ஒரேயடியாக வந்து பின்சக்கரம் விலகிவிட்டது. பயந்துபோனேன்.

பிளக் மாற்றியும் பலனில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திருகிப் பார்த்தேன். சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் இரண்டு. இடது கார்புரேட்டரின் ஸ்லைடு (காற்று வழியைத் திறக்கும் அடைப்பு) எழும்பிய பிறகுதான் வலது அசைந்தது. அதனால்தான் ஒரு சிலிண்டர் தாமதமாகச் சேர்ந்து, சக்தி ஒரேயடியாக வந்திருக்கிறது. பழைய கேபிள் தொய்ந்திருந்தது. இரண்டு ஸ்லைடும் சேர்ந்து எழும்பும்வரை கேபிள் அட்ஜஸ்டரைத் திருகினேன். ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுசாகத் திருப்பியும் பாருங்கள். ஐட்லிங் ஏறினால் கேபிள் இறுக்கம். இன்ஜினுக்கு ஆயில் தரும் பம்புக்கும் ஆக்ஸிலரேட்டரிலிருந்தே கேபிள் பிரிகிறது, பம்பில் உள்ள சரிபார்ப்புக் குறியையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது திருகிய அளவுக்கே இழுக்கிறது, மழையிலும்.