மலைக்குச் சீருடையோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஈரோடு மாவட்டத்தில், மலையடிவாரத்துப் பண்ணாரியிலிருந்து மேலே திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். மருத்துவ முகாமுக்கோ பயிற்சிக்கோ சாலை வேலைக்கோ அவற்றைக் கடந்து மேலே ஏறும் எந்தப் படைப்பிரிவும், தான் அந்த ஊருக்குப் புதிதாக வருவதாகவே எண்ணிக்கொள்கிறது. முதல் தவறு அதுதான். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன. வருகிறவருக்குத்தான் ஊர் புதிது, ஊருக்குச் சீருடை புதிதல்ல.

1990களில் தொடங்கி, 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக்கொல்லப்படும் வரை, தமிழக, கர்நாடக அதிரடிப்படைகளும் இடையில் சில காலம் எல்லைப் பாதுகாப்புப் படையும் இந்த எல்லை மலைகளைச் சல்லடை போட்டுச் சலித்தன. அக்காலத்தில் நடந்த அத்துமீறல்களை விசாரிக்க நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 2007ஆம் ஆண்டில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் வழங்க ஆணையிட்டது. தருமபுரிப் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லிப் புகுந்து நடத்திய வன்கொடுமைக்கு 2011ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்து, 2023ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் அது உறுதியானது. இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் நமக்குச் செய்தி. மலையில் அது வீட்டுக் கதை. காக்கி வேறு, ராணுவப் பச்சை வேறு, நாங்கள் அந்தப் படை அல்ல என்று விளக்கம் சொல்லும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். பூட்ஸ் சத்தம் கேட்டதும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிற பாட்டிக்கு அந்த வேறுபாட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முன்பு என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லிவிடுவது, அந்த நீண்ட விளக்கத்தைவிட அதிகம் பயன்படும்.

அடுத்தது மொழி. தமிழ்நாட்டு மலைதானே, தமிழ் போதும் என்று நினைப்பது வழக்கம். தாளவாடிப் பக்கம் சோளகப் பழங்குடியினர் பேசுவது கன்னடத்துக்கு நெருங்கிய பேச்சு. ஊராளிகளின் பேச்சு வேறு. கோவை மலையடிவாரத்துப் பதிகள் எனப்படும் குடியிருப்புகளில் இருளர் பேசுவது இன்னொன்று. வெளியாரிடம் தமிழில் பேசுவார்கள், ஆனால் வலியையும் அச்சத்தையும் தமிழில் சொல்லமாட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றதும் கைக்குக் கிடைக்கிற வனக்காவலரை அழைத்து நிறுத்துவது, மொழி தெரியாமல் போவதைவிடப் பெரிய தவறு. ஒரு படைப்பிரிவு நடத்திய முகாமுக்கு உதவியாளாகப் போனபோது இதை நேரில் பார்த்தேன். என்ன தொந்தரவு என்று மருத்துவர் கேட்க, வனக்காவலர் அதை எடுத்துச் சொல்ல, அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி 'ஒண்ணும் இல்லீங்க' என்றார். காவலர் தேநீர் குடிக்கப் போன கொஞ்ச நேரத்தில் முந்தானையை விலக்கி முழங்கையைக் காட்டினார். சீமாறுப் புல் அறுக்கையில் பட்ட வெட்டு, சீழ் வைத்திருந்தது. புல் அறுத்ததற்கு வழக்குப் போடக்கூடியவர் வாயாலேயே அந்தக் காயத்தைச் சொல்லச் சொன்னால் அந்தப் பெண் என்ன செய்வார்? ஊரில் படித்த இளைஞரோ இளம்பெண்ணோ கட்டாயம் இருப்பார். கூலி கொடுத்து அவரை அழைத்துக்கொள்வதே முறை.

அழைக்கும் விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கொங்குப் பேச்சுக்கே பெருமை அதன் 'ங்க'வில் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கைக்குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிற ஊர் இது. அதே வாய், மலையேறியதும் எழுபது வயது ஊர்த்தலைவரான மூப்பனை 'நீ', 'வா' என்கிறது. கீழ்நாட்டிலிருந்து போகும் சிப்பாய் மட்டுமல்ல, ஆசிரியரும் வியாபாரியும் இதையே செய்கிறார்கள், ஆனால் துப்பாக்கியோடு வரும் ஒருமைக்குக் கனம் அதிகம்.

மலையில் இருப்பவர் எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதும் கூடாது. பர்கூர் மலையில் கன்னடம் பேசும் லிங்காயத்துகள் பழங்குடியினர் அல்லர். சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடிப் பட்டியலில் உள்ள மலையாளிகள் (கேரளத்தவர் அல்லர், மலைவாழ் இனத்தவர்), ஈரோடு மாவட்டத்தில் அப்பட்டியலில் இல்லை. பழங்குடிச் சான்றிதழ் காட்டினால்தான் கம்பளி என்று வரிசை வைத்தால், ஒரே குளிரில் நடுங்கும் இரண்டு வீடுகளில் ஒன்றைத் திருப்பி அனுப்பியதாகிவிடும்.

நாள் குறிப்பதிலும் பிசகு நேர்கிறது. ராகிக் கதிர் முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாக இரவெல்லாம் பரணில் கிடந்தவர்கள், பொழுது விடிந்த பிறகுதான் கண்ணயர்வார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி வைத்துவிட்டு, 'மக்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று அறிக்கை எழுதுவது நியாயமல்ல. ஒருநாள் மருத்துவ முகாமிலேயே இன்னொரு குறை உண்டு. நீலகிரிப் பழங்குடிகளிடையே காணப்படும் அரிவாள் செல் சோகை வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டிய இரத்த நோய். இரத்தம் எடுத்துக்கொண்டு போய் முடிவைச் சொல்லாமல் விடுவதைவிட எடுக்காமலே இருக்கலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, உதவி கொடுத்த கையோடு தகவல் கேட்பது. 'காட்டுக்குள் புது ஆள் யாராவது வந்தார்களா?' என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே கேட்டால், அன்றோடு அந்த மருத்துவர் உளவாளி ஆகிவிடுகிறார்; அவரிடம் பேசியவர் காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுகிறார். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தாயா என்று படைகள் ஒரு பக்கமும், ஆள்காட்டினாயா என்று அவன் கூட்டம் மறுபக்கமும் அடித்ததில் இம்மலைகளின் ஒரு தலைமுறையே நசுங்கியது. 1999 மே மாதம் கார்கில் உச்சியில் அந்நியர் நடமாட்டத்தை முதலில் கண்டு ராணுவத்துக்குச் சொன்னவர் காணாமல் போன யாக் மாட்டைத் தேடிப்போன மேய்ப்பர் தாஷி நம்கியால். யாரும் அவரிடம் கையூட்டாகக் கம்பளி நீட்டியிருக்கவில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங்கில், சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று கருதி ராணுவ அதிரடி வீரர்கள் சுட்டதில் 6 பேர் இறந்தனர். அந்த வண்டி சனிக்கிழமைதோறும் ஊர் திரும்புவது அக்கம்பக்கத்தில் எவரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும்.

'சரிங்க' என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் இதைப் போன்றதே. துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்டால் யாரும் 'சரிங்க' என்பார்கள். 2007ஆம் ஆண்டில் ஐ.நா. ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 30ஆவது பிரிவு, அவர்கள் நிலத்தை ராணுவக் காரியத்துக்குப் பயன்படுத்தும் முன்பு அவர்களுடைய சொந்த அமைப்புகள் வழியாகக் கலந்து பேச வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நடைமுறையில் இதன் பொருள், மூப்பனை வண்டியருகே அழைத்துக் கையெழுத்து வாங்குவதல்ல. கேட்க வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவந்து, ஊர் கூடிப் பேச நாள் விட்டு, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஏற்பது. 1967 தொடக்கத்தில் மிசோரமில் பாதுகாப்பு என்ற பெயரில் சிற்றூர்களைக் காலிசெய்து சாலையோரம் குவித்தபோது யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை.

கனடாவின் வடகோடியில் 1947 முதல் இயங்கும் ரேஞ்சர்கள் முறை இங்கே நினைக்கத்தக்கது: உள்ளூர்ப் பழங்குடியினரே சிவப்புச் சட்டையில் தங்கள் நிலத்தைச் சுற்றிவருகிறார்கள், பனியில் பிழைப்பது எப்படி என்று படைவீரர்களுக்கு அவர்கள்தான் சொல்லித்தருகிறார்கள். நம் மலைகளில் வழிகாட்டியாகக் கூட்டிச்செல்லப்படுகிற சோளகருக்கு நாள்கூலியாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, எங்கே முறையிடுவது என்று சொல்லாமல் இறங்கிவிடுவது. காவல்துறை மீது புகார் வந்தால் தேசிய மனித உரிமை ஆணையம் நேரடியாக விசாரிக்கலாம். ஆயுதப் படைகள் என்றால் 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி மத்திய அரசிடம் அறிக்கை கேட்கவும் அதன்பேரில் பரிந்துரைக்கவும் மட்டுமே அதற்கு அதிகாரம் உண்டு. அதனால் வந்தது எந்தப் படை, பொறுப்பு அதிகாரி யார், எந்த எண்ணில் அழைப்பது என்பதை எழுதிவைத்துவிட்டு வர வேண்டும். தாளவாடியில் பிள்ளைகள் கன்னடப் பள்ளியிலும் படிக்கிறார்கள் என்பதால், பலகை இரண்டு எழுத்திலும் இருக்க வேண்டும்.