டப் சத்தம் கேட்டது, பாராசூட் வரவில்லை

கோத்தகிரியில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய புல்வெளி. அங்கே நான் விட்டது மாதிரி ராக்கெட். அட்டைக்குழாய் உடலும், பால்சா என்ற லேசான மரத்தில் செய்த மூக்கும் என் கைவேலை. மருந்து அடைத்த மோட்டார் மட்டும் கடைச்சரக்கு. மூன்று தடவை விட்டேன், மூன்றும் தலைகுப்புற விழுந்தன. உச்சிக்குப் போனதும் மோட்டாரிலுள்ள சிறு வெடி வெடித்து, அதன் வாயு மூக்கைக் கழற்றி பாராசூட்டை வெளியே தள்ள வேண்டும். 'டப்' என்று கேட்கும், பாராசூட் மட்டும் வராது.

"மருந்து பத்தலைண்ணா, கூட்டிப் போடு" என்றான் தம்பி. நல்லவேளை, கேட்கவில்லை. மோட்டாரைப் பிரித்து மருந்தில் கை வைப்பது விரலுக்கு வேட்டு.

மூன்றாவது தடவை எடுத்துப் பார்த்தால், வாலில் மோட்டாரையே காணோம்! மூக்கு இறுகியிருந்ததால் வாயு மோட்டாரைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டது. வீட்டில் லேசாகக் கழன்ற மூக்கு, இங்கே காலைப் பனிமூட்டத்தில் ஈரம் குடித்து ஊறியிருந்தது.

மூக்கின் உட்செருகும் பகுதியை உப்புத்தாளில் தேய்த்து வார்னிஷ் பூசினேன். மூக்கைப் பிடித்துத் தூக்கினால் ராக்கெட் தொங்க வேண்டும், லேசாக உதறினால் கழல வேண்டும், அதுதான் அளவு. மோட்டாரில் டேப் சுற்றி இறுக்கினேன். ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பாராசூட்டில் முகப்பவுடர் தூவினேன்.

அடுத்த தடவை அழகாக விரிந்தது. காற்று அதைக் கொண்டுபோய் சில்வர் ஓக் மரத்தில் மாட்டிவிட்டது. இன்னும் அங்கேதான் தொங்குகிறது.