கிளட்சை மெதுவாக விடுவது அல்ல, சரியான இடத்தில் நிறுத்துவதுதான் விஷயம்

கார் ஓட்டப் பழகும் எல்லோருக்கும் முதல் நாளே கிடைக்கும் அறிவுரை "கிளட்சை மெதுவா விடு" என்பதுதான். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். மெதுவாக விட்டேன், வண்டி இரண்டு குதி குதித்து ஆஃப் ஆனது. இன்னும் மெதுவாக விட்டேன், அப்போதும் ஆஃப் ஆனது. பல நாள் கழித்துத்தான் புரிந்தது, பெடல் முழுவதையும் மெதுவாக விட வேண்டிய அவசியமே இல்லை என்று. கவனம் வேண்டியது நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு விரற்கடை தூரத்தில் மட்டும்தான், அங்கேயும் மெதுவாக விடுவதைவிட முக்கியம் காலை அப்படியே நிறுத்திவைப்பது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பெடலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். இன்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் கனமான சக்கரம் ஒன்று இருக்கிறது, பிளைவீல் என்பார்கள். அதை ஒட்டி கியர்பாக்ஸோடு இணைந்த கிளட்ச் பிளேட் இருக்கிறது. நீங்கள் பெடலைத் தொடாதபோது ஸ்பிரிங் விசையால் பிரஷர் பிளேட் இந்த இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும், பெடலை மிதித்தால் அந்தப் பிடி விலகும், அவ்வளவுதான். இப்போது நின்றிருக்கும் வண்டியை யோசித்துப் பாருங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்காமலே இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது, சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் திடீரென்று ஒட்டவைத்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் இன்ஜின்தான் விட்டுக்கொடுக்கும், வண்டி குதித்து ஆஃப் ஆகும்.

முதல் கியரில், ஆக்சிலேட்டர் இல்லாமல், கிளட்சை முழுவதும் விட்ட பிறகு கார் போகும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 8 கிலோமீட்டர், அதாவது வேகமாக நடக்கும் ஒருவரின் வேகம். வண்டி அந்த வேகத்தை எட்டும்வரை பிளேட்டும் பிளைவீலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டுதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்த உரசல்தான் வண்டியை நிற்கும் நிலையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு போகிறது. உங்கள் இடது கால் செய்ய வேண்டியதெல்லாம், வண்டி அந்த நடை வேகத்துக்கு வரும்வரை ஒன்றிரண்டு விநாடி பொறுத்திருப்பதுதான். புதிதாக ஓட்டும் பலர் வண்டி லேசாக நகர ஆரம்பித்ததுமே "அப்பாடா, நகர்ந்துவிட்டது" என்று காலை எடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் குதிக்கிறது.

சரி, இப்போது பழகலாம். முதலில் சீட். கிளட்சை அடி வரை மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும், கால் விறைப்பாக நீண்டுவிட்டால் நுணுக்கமாக அசைக்கவே முடியாது. பாதத்தின் முன்பகுதியால் மிதியுங்கள். பெடலை மேலே விடும்போது குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் கணுக்காலை மட்டும் அசைத்துச் சிறு சிறு அளவில் விட முடியும். சில கார்களில் பெடல் நீளமாக மேலே வரும், அங்கே குதிகால் தரையில் கொஞ்சம் வழுக்கி நகர்ந்தால் தவறில்லை. ஆனால் முழுக் காலும் அந்தரத்தில் தொங்கினால் தொடை நடுங்கும், அந்த நடுக்கம் அப்படியே வண்டியில் தெரியும். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பும் ஷூவும் வேண்டாம்.

ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, வலது காலை பிரேக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை மிதித்து முதல் கியர் போடுங்கள். பெடலை மேலே விட்டுக்கொண்டே வாருங்கள், ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் அமுங்கும், ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன அதிர்வு வரும், பானெட்டின் முன்பக்கம் லேசாக அசையும். அதுதான் பைட்டிங் பாயின்ட், கிளட்ச் பிடிக்கும் இடம். அதை உணர்ந்த உடனே பெடலைத் திரும்ப மிதித்துவிடுங்கள். இதையே பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள், காலைக் குனிந்து பார்க்காமல், முன்னால் பார்த்தபடி. அந்த இடம் காலுக்கே தெரிந்துவிட வேண்டும்.

அப்புறம் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாமல் வண்டியை நகர்த்துங்கள். எல்லாப் பயிற்சியிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அவசரப்பட்டு யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்பேன். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள், பிடிக்கும் இடம் வரை சாதாரண வேகத்தில் கிளட்சை விடுங்கள், அங்கே நிறுத்துங்கள். வண்டி ஊர்ந்து நகரும். நிறுத்திய காலை அசைக்காதீர்கள். நடை வேகம் வந்ததும், இன்ஜின் சத்தம் பழையபடி நிலைக்கு வந்ததும், மீதியை விட்டுவிடுங்கள். பிறகு கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து. டீசல் வண்டியில் இது சுலபமாக வரும், குறைந்த சுற்றிலேயே அதற்கு இழுவை அதிகம். சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும், அதிலேயே பழகியவர்களுக்கு வேறு எந்த வண்டியும் கஷ்டமாக இருக்காது. நடுநடுவே சில நிமிடம் ஓய்வு கொடுங்கள், தொடர்ந்து உரசினால் பிளேட் சூடேறும். கருகிய வாடை வந்தால் அன்றைக்குப் பயிற்சியை அதோடு நிறுத்திவிடுவது நல்லது.

இந்த நிலையில் வண்டி ஆஃப் ஆனால் பதற வேண்டாம். கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்து திரும்ப ஆரம்பியுங்கள்.

ஆக்சிலேட்டரைச் சேர்க்கும்போது புதிதாக ஒரு தவறு முளைக்கும். கிளட்ச் பிடித்ததும் சத்தம் அமுங்குகிறது, ஆஃப் ஆகிவிடுமோ என்று பயந்து வலது கால் ஓங்கி மிதிக்கிறது, வலது கால் அசைந்த அதே கணத்தில் இடது காலும் தன்னையறியாமல் மேலே வந்துவிடுகிறது. விளைவு, வண்டி பாய்கிறது. இதற்கு ஒரே மருந்து வரிசையை மாற்றுவதுதான்: முதலில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி 1200 முதல் 1500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அளவில் நிலையாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகுதான் இடது காலை நகர்த்துங்கள். வலது கால் ஒரே இடத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அசையாமல் இருக்கும்வரை வண்டி அமைதியாகக் கிளம்பும்.

மேட்டில் கிளம்புவதும் இதேதான், ஹேண்ட் பிரேக் மட்டும் கூடுதல். ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில் சற்று அதிகமாக ஆக்சிலேட்டர் கொடுத்து, பிடிக்கும் இடத்துக்கு வந்து, வண்டியின் முகம் நிமிர்வதைப் பார்த்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பின்னால் உருண்டால் உடனே பிரேக், மறுபடி முயற்சி. மேட்டில் காத்திருக்கும்போது ஹாஃப் கிளட்சில், அதாவது பெடலைப் பிடிக்கும் இடத்திலேயே நிறுத்தி, வண்டியைத் தாங்கிப் பிடிப்பதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் பிளேட் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கிறது. தயவுசெய்து அதைப் பழகாதீர்கள்.

ஓடும்போது கியர் மாற்றுவதில் அதிகம் குலுங்குவது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போதுதான், காரணம் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி பெரியது. முதல் கியரில் 2500 ஆர்.பி.எம்.மில் இருந்தால், அதே வேகத்துக்கு இரண்டாவது கியரில் இன்ஜின் ஏறக்குறைய 1400க்கு இறங்க வேண்டும். நீங்கள் படபடவென்று மாற்றிக் காலை எடுத்தால் இறங்க நேரம் கிடைக்காது, முன்னால் தள்ளும். அதனால் இங்கே கையை நிதானமாக்குங்கள், பிடிக்கும் இடத்தில் அரை விநாடி காலைத் தங்கவிடுங்கள். மூன்றாவதிலிருந்து மேலே போகப் போக இடைவெளி சுருங்கும், கிளட்சைச் சட்டென்று விட்டாலும் தெரியாது. கியரைக் குறைக்கும்போது எல்லாம் தலைகீழ்: சுற்று ஏற வேண்டும். மூன்றாவதில் 1500 என்றால் இரண்டாவதில் சுமார் 2200 தேவைப்படும், எனவே கிளட்ச் உள்ளே இருக்கும்போதே ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளட்சை விடுங்கள், மூக்கு குத்தாது.

வண்டியை நிறுத்தும்போது முதலில் பிரேக். சுற்று 1000 அருகே இறங்கிய பிறகு கிளட்ச். பயத்தில் முதலிலேயே கிளட்சை மிதித்தால் இன்ஜின் தரும் தடை போய்விடும், வண்டி இன்னும் தளர்ந்து ஓடும். நெரிசலில் ஒவ்வொரு அடிக்கும் நகர்ந்து நகர்ந்து நிற்காமல், முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, முதல் கியரில் கிளட்சை முழுவதும் விட்டு ஊரவிடுங்கள். சில விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரல். ஓடும்போது இடது காலை பெடல்மேல் ஓய்வாக வைக்காதீர்கள், அந்தச் சின்னக் கனமே ரிலீஸ் பேரிங்கையும் (பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் பிடியை விலக்கும் பாகம்) பிளேட்டையும் தேய்க்கப் போதும்.

வேறொருவர் காரை எடுத்தால் முதல் வேலையாக ஹேண்ட் பிரேக் போட்டுப் பிடிக்கும் இடத்தைத் தேடுங்கள், வண்டிக்கு வண்டி அது மாறும். உங்கள் காரிலேயே அது வரவர மேலே ஏறிக்கொண்டு போனாலோ, உயர் கியரில் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தாலோ உங்கள் கால்மேல் குறை இல்லை, பிளேட் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடைசியாக ரிவர்ஸ். இதில் ஆக்சிலேட்டரை மறந்துவிடுங்கள், வலது கால் பிரேக்கின் மேலேயே தயாராக இருக்கட்டும். பிடிக்கும் இடத்துக்கு வந்தால் நகரும், அரை விரற்கடை மிதித்தால் தளரும், மறுபடி விட்டால் நகரும். தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒரு அடி பின்னால், நிறுத்து, ஒரு அடி முன்னால், நிறுத்து என்று நடுநடுவே இடைவெளி விட்டு, கால் மணி நேரம் செய்து பாருங்கள், சக்கரம் கோட்டின்மேல் வந்து நிற்கும்வரை.