குடிநீர்ப் பரிசோதனை: பாட்டிலை நிரப்புவதிலிருந்து அறிக்கையைப் படிப்பது வரை

தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருப்பதனால் அது குடிக்கத் தகுந்ததாகிவிடாது. ஆர்சனிக், நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவை குடிநீரில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளில் நிறத்தையோ வாடையையோ காட்டுவதில்லை. ஆய்வகம் ஒன்றே வழி. ஆனால் ஆய்வகக் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், பாட்டிலுக்குள் நாம் நிரப்பிக் கொடுத்ததைத்தான் அது அளக்கும். அதனால் இந்த விளக்கத்தில் மாதிரி எடுக்கும் பகுதிக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

படி 1: எதைச் சோதிப்பது?

சொந்தக் கிணறு அல்லது போர்வெல் என்றால், பெரும்பாலும் உரிமையாளரைத் தவிர வேறு யாரும் அதன் நீரைச் சோதிப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கோலிஃபார்ம் (நீர் மாசுபட்டிருக்கலாம் என்று காட்டும் கிருமித் தொகுதி), ஈ. கோலை (அவற்றுள் மலக் கலப்பைக் காட்டும் வகை), நைட்ரேட், அமில காரத் தன்மை, கரைந்த திடப்பொருள்கள் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. வெள்ளம் சூழ்ந்தாலோ, மோட்டாரை வெளியே எடுத்துப் பழுது பார்த்தாலோ ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் பெரும்பாலும் நிலத்தடிப் பாறைகளிலிருந்து கரைந்து வருபவை என்பதால், கிணறு தோண்டியவுடன் ஒருமுறையும் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். வீட்டில் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தை இருந்தால் நைட்ரேட் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நைட்ரேட் மிகுந்தால் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்துவிடும்.

பொதுக் குழாய் நீரைச் சுத்திகரிப்பு நிலையத்திலும் விநியோகக் குழாய்களிலும் வழங்குபவர்களே சோதிக்கிறார்கள். அந்த முடிவுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நாம் சோதிக்க வேண்டியது கடைசிப் பகுதியை, அதாவது நம் வீட்டுக் குழாய்களையும் தொட்டியையும்தான்.

கரைந்த திடப்பொருள்களின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் தோய்த்துவிட்டு ‘சுத்தம்’ என்று தீர்ப்புச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது மின்கடத்தும் திறனை அளந்து, அதை ஓர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது; அவ்வளவுதான். ஆர்சனிக்கிற்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்; அந்த மீட்டரோ முழு மில்லிகிராமாகத்தான் எண்ணும். கிருமிகள் அதற்குத் தென்படவே மாட்டா.

படி 2: பாட்டில்களை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள்

கிருமிச் சோதனைக்கான பாட்டில் கிருமி நீக்கப்பட்டது. அதன் அடியில் வெள்ளைத் தூள் இருந்தால் அழுக்கென்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். அது சோடியம் தயோசல்பேட். நீரிலுள்ள குளோரினைச் செயலிழக்கச் செய்வதற்காகப் போட்டது. அது இல்லாவிட்டால், ஆய்வகத்திற்குப் போகும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும், அறிக்கையும் பொய்யாகிவிடும். உலோகச் சோதனைப் பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் இருக்கக்கூடும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கிருமிச் சோதனைக்கு நீர் பிடித்தல்

கிணற்று நீரின் நிலைமை தெரிய வேண்டுமானால், மேல்நிலைத் தொட்டிக்கு முன்னால் உள்ள குழாயைத் தேர்ந்தெடுங்கள். குழாய் வாயில் வலையோ ரப்பர் குழலோ இருந்தால் கழற்றிவிடுங்கள். வலையில் படிந்திருந்த கிருமிகள் மாதிரியில் கலந்ததால், கிணறே கெட்டுவிட்டது என்று வீணாகப் பதறியவர்கள் உண்டு. குழாய் வாயைப் பிளீச்சிங் கரைசலால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிடுங்கள். மூடியைத் திறந்தபின் அதைக் கீழே வைக்காமல், உட்புறம் தரையைப் பார்த்தபடி சுண்டுவிரலில் இடுக்கிக்கொண்டு, பாட்டிலை அடிப்பக்கமாகப் பிடித்து, கோடு வரை மட்டும் நிரப்பி உடனே மூடுங்கள். பனிக்கட்டி வைத்த பெட்டியில், உறைந்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். ஆறு மணி நேரத்திற்குள் சேர்ப்பது சிறப்பு. 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

படி 4: ஈயத்திற்கு நேர்மாறான முறை

ஈயம் பெரும்பாலும் குழாய், பற்றவைப்பு, பித்தளைப் பொருத்திகள் ஆகியவற்றிலிருந்துதான் நீரில் கலக்கிறது. ஆகவே இங்கே நீரை முன்கூட்டி ஓடவிடக் கூடாது. இரவு முழுவதும், குறைந்தது ஆறு மணி நேரம், வீட்டில் எந்தக் குழாயையும் திறக்காமல் இருந்து, காலையில் வரும் முதல் ஒரு லிட்டரை அப்படியே பிடியுங்கள். சில நிமிடங்கள் ஓடவிட்டு இரண்டாவது பாட்டிலையும் நிரப்புங்கள். முதலாவதில் மட்டும் ஈயம் மிகுந்திருந்தால் குறை பெரும்பாலும் வீட்டுக் குழாய்களில் இருக்கும். இரண்டிலும் மிகுந்திருந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பையும் ஆராய வேண்டும்.

படி 5: குளோரின்

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நேரம் செல்லச் செல்லக் குளோரின் குறைந்துவிடும் என்பதால் அங்கேயே பார்ப்பதுதான் முறையும்கூட. குளோரினைக் கண்டறியப் பயன்படும் டி.பி.டி. மாத்திரையைப் போட்டால், குளோரின் உள்ள நீர் இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். பொதுக் குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

படி 6: அறிக்கையைப் படித்தல்

முதலில் அலகைப் பாருங்கள். நைட்ரேட்டை இரண்டு விதமாக எழுதுவார்கள். ‘நைட்ரேட்டாக’ என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ‘நைட்ரஜனாக’ என்றால் ஏறத்தாழ 11. ஆகவே ‘நைட்ரஜனாக 12’ என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் அது 53, வரம்பைத் தாண்டிவிட்டது. ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லையும் அப்படியே ஏற்காதீர்கள். ஆர்சனிக்கிற்கு அந்த ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை, அதாவது அதனால் காண முடிகிற மிகக் குறைந்த அளவு, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்றிருந்தால், 0.01 என்ற வரம்பைப் பற்றி அந்த அறிக்கை எதுவுமே சொல்லவில்லை என்று பொருள்.

ஈ. கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால், நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். நைட்ரேட்டிற்கும் ஆர்சனிக்கிற்கும் இந்த வழி பயன்படாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். கிணற்றில் குளோரின் இட்டுச் சுத்தம் செய்தவர்கள், அந்தக் குளோரின் முழுவதும் நீங்கியதை டி.பி.டி. மாத்திரை போட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த மாதிரியை எடுக்க வேண்டும்.