மூன்று வார லீவில் பல்லுக்கு வெனீர் போடலாமா?

லண்டனிலிருந்து இலங்கை மலையகத்து ஊருக்குப் போகும்போது முன்பல்லுக்குப் போர்சலின் வெனீர் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இப்போது நிறையப் பேர். லண்டனை விடக் காசு குறைவுதான். ஆனால் மலையகத்தில் நமக்குப் பற்றாமல் போவது நாள். அதனால் டிக்கெட் போடும்போதே பல்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய போர்சலின் ஓடு. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவு தடிப்பு. அது உட்கார்வதற்காக பல்லின் கடினமான மேல்படையான எனாமலைக் கொஞ்சம் சீவுவார்கள். சீவின எனாமல் திரும்ப வளராது. வெனீர் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கலாம். அதற்குப் பிறகும் அந்தப் பல்லுக்கு ஏதாவது ஒரு மூடி வேண்டும். சிலர் வெனீர் என்று சொல்லிவிட்டு பல்லைச் சுற்றிலும் சீவி கிரவுன், அதாவது பல் முழுவதையும் மூடும் உறை, மாட்டிவிடுவார்கள். அது வேறு வைத்தியம். "எவ்வளவு சீவுவீங்க, முன்னால மட்டுமா, சுத்தியுமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சீவுவதற்கு முன்பே, முடிந்தபின் எப்படி இருக்கும் என்று தற்காலிகப் பூச்சு வைத்துக் காட்டச் சொல்லலாம். அதற்குச் சலித்துக்கொள்கிற டாக்டர் நமக்கு வேண்டாம்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை டவுன்களில் பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். சொத்தையை அடைக்க, சுத்தம் செய்ய அவர்களே போதும். வெனீருக்கு நான் கண்டிப் பக்கம்தான் போகச் சொல்வேன். நாட்டின் மூத்த பல் மருத்துவ பீடம் பேராதனையில் இருப்பதால் அந்த வட்டாரத்தில் இந்தத் துறையில் மேற்படிப்பு படித்தவர்களைத் தேடிப்பிடிப்பது சுலபம். யாராக இருந்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சொந்தக்காரர் சிபாரிசு அதற்கு அப்புறம்.

இனி நாள் கணக்கு. வந்து இறங்கிய இரண்டாம் மூன்றாம் நாளே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அந்த வாரத்திலேயே பல்லைச் சீவி, அளவெடுத்து, லேபுக்கு அனுப்புவார்கள். ஓடு செய்து வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒட்டிய பிறகு கடி சரியாக இருக்கிறதா, ஈறு வீங்கவில்லையா என்று பார்க்க இன்னொரு தடவை போக வேண்டும். அப்படியானால் மூன்று வாரம் இறுக்கம், நான்கு வாரம் நிம்மதி. இதற்குள் ஏப்ரல் புதுவருடம் வந்தால் லேபும் கிளினிக்கும் பூட்டு. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும் அப்படித்தான். தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வல சமயத்தில் கண்டி டவுனுக்குள் நுழைவதே பெரும்பாடு. மழைக்காலத்தில் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகும் பாதையில் எங்கே மண் சரிந்திருக்கும் என்று தெரியாது. காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால் நான் முதல் நாளே கண்டிக்குப் போய்த் தங்கிவிடுவேன்.

லேபிலிருந்து ஓடு வரும்வரை தற்காலிக ஓடு வைத்து விடுவார்கள். அது பலமில்லாத சாமான். எனக்கு மச்சானின் கல்யாண வீட்டில் கோழிக்கால் கடிக்கும்போது ஒன்று கழன்று கையில் வந்துவிட்டது. டாக்டர் கண்டியில், நான் தோட்டத்தில். கல்யாண போட்டோ முழுக்க வாயை மூடிக்கொண்டே நின்றேன். முறுக்கு, கரும்பு, சோளம் எதையும் அந்த நாட்களில் முன்பல்லால் தொடாதீர்கள். நுவரெலியாவில் விடியற்காலை பைப் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் சீவின பல் கூசும், சுடுதண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

நிறத்தை அங்கே போய் யோசிக்காதீர்கள். போர்சலினைப் பிறகு வெளுக்க முடியாது. மற்றப் பற்களை வெளுக்க வேண்டுமானால் கிளம்புவதற்கு முன் இங்கேயே செய்துகொள்ளுங்கள். வெளுத்ததற்கும் ஒட்டுவதற்கும் இடையில் இரண்டு வாரமாவது விட வேண்டும். ஈறு வருத்தம், சொத்தை இருந்தால் அதையும் இங்கேயே முடித்து, எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் நிற அட்டையைப் பல் பக்கத்தில் பிடிக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையிலும் வெள்ளை கேட்டால் என் அத்தை மாதிரி யாராவது, "என்னடா, இந்த வயசிலேயே பல்லு கட்டிட்டியா?" என்று தோட்டத்து லயத்து வீடுகள் எல்லாம் கேட்கக் கேட்பார்கள்.

பிளேன்டீ, அதாவது பால் விடாத தேநீர், போர்சலினில் கறையாகாது. ஓடும் பல்லும் சேரும் விளிம்புக் கோட்டில்தான் தேயிலையும் வெற்றிலையும் படியும். தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலருக்கு வெனீரே வேண்டாம் என்பார்கள், சிலருக்கு இரவில் பல்லில் மாட்ட ஒரு கார்ட் (பல் காப்புறை) செய்து தருவார்கள்.

ஊரிலிருந்து திரும்பக் கிளம்பும் முன் என்ன பொருள், என்ன நிற எண், எந்தப் பசை, எந்தெந்தப் பல் என்று ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். அழகுக்குச் செய்த வேலையை இங்கே அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பொறுப்பெடுக்காது; ஒன்று உடைந்தால் தனியார் டாக்டரிடம்தான் போவீர்கள், அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கடைசி எக்ஸ்ரேயின் பிரதியையும் அந்தத் தாளையும் கார்டையும் கைப்பையில் வையுங்கள். என் கார்ட் பெரிய பெட்டிக்குள் தேயிலைப் பாக்கெட்டுகளுக்கு அடியில் நசுங்கி வந்து சேர்ந்தது.