கேமரன் மலைக்கு ஷூட்டிங் போகும் முன் பெட்டியில் வைக்க வேண்டிய துணிகள்

ஊரிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் போட்டோ, வீடியோ தம்பிகளில் பலர் ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்து வருவதில்லை. மலேசியா என்றால் வெயிலும் மழையும்தான் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பட்டணத்துக்குள் அது சரி. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் மதியம் 32, 33 டிகிரி இருக்கும், பருத்திச் சட்டை போதும். ஆனால் கல்யாண வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், பெண் வீட்டார் சீக்கிரமே கேட்பார்கள்: "கேமரன் மலையில் அவுட்டோர் எடுக்கலாமா?" வந்த இரண்டாவது வாரமே விடியற்காலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கலாம்.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கேமரனில் உள்ள தானா ராத்தா ஊரே 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். இரவிலும் அதிகாலையிலும் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். 1978 பிப்ரவரியில் கேமரனில் 7.8 டிகிரி வரை இறங்கியிருக்கிறது. ஊட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் 15 டிகிரியைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே ஆளை வாட்டுவது ஈரம்.

என் முதல் ஷூட்டிங்கில் பருத்தி டீசர்ட், ஜீன்ஸ், கேன்வாஸ் ஷூ போட்டுப் போனேன். செடி வரிசைக்குள் நுழைந்து பத்தே நிமிடத்தில் பனித்துளி பட்டு ஜீன்ஸ் தொடைவரை நனைந்துவிட்டது. கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேடேறியதில் முதுகு வியர்த்தது. மேலே போய் வெளிச்சத்துக்காக நின்றதும் காற்று அடித்தது. முதுகு வியர்வையும் கால் ஈரமும் சேர்ந்து சில்லிட்டு, அரைமணி நேரத்தில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப விரல் வரவில்லை. நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் மலைக்குப் பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம்.

உடம்போடு ஒட்டி, விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன். அது வியர்வையை வெளியே விட்டுவிடும். அதற்கு மேல் மெல்லிய ஃபிளீஸ் குளிர்சட்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தூறலும் புகாத ஜாக்கெட். ஒரே தடித்த கம்பளிச் சட்டையைவிட இந்த மூன்று அடுக்கு நல்லது. ஏறும்போது ஃபிளீஸைக் கழற்றிப் பையில் வையுங்கள், நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு போடலாம் என்று இருந்தால் உடம்பு மறுபடி சூடேற நேரமாகும். நீலகிரி, வால்பாறைப் பக்கம் தேயிலை எடுக்கும் அக்காமார் இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருப்பார்களே, அது சும்மா இல்லை, செடியின் ஈரம் துணியில் படாமல் இருக்கத்தான். மழைக்கான பேண்டும் ரப்பர் பூட்ஸும் அதே வேலையைச் செய்யும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி வண்டியில் இருக்கட்டும். விரல் நுனி திறந்த கையுறை கட்டாயம். முக்காலியின் உலோகக் கால் அந்த நேரத்தில் ஐஸ் மாதிரி இருக்கும்.

புதுசு வாங்கக் காசு இல்லையா? இங்கே பண்டல் கடை என்று பழைய துணிக்கடைகள் உண்டு. ஜப்பான் போன்ற குளிர் நாடுகளிலிருந்து வரும் நல்ல ஜாக்கெட் குறைந்த ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். துவைத்துப் போடுங்கள்.

இனிமேல் சொல்வது உங்களைவிட மணப்பெண்ணுக்கு. நாம் ஓடியாடிக்கொண்டிருப்போம். அந்தப் பிள்ளை சின்னக் கை ரவிக்கையோடு பட்டுச்சேலையில் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கும். ஒரு தடவை மேக்கப் அக்கா என் தோளைத் தட்டி, "தம்பி, பொண்ணு கையப் பாரு" என்றார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மருதாணிக்கு மேலே கை முழுக்க மயிர்க்கூச்செறிந்து புள்ளி புள்ளியாக இருந்தது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன, உதட்டுச் சாயத்துக்கு அடியில் நீலம் தெரிந்தது. அதற்குமுன் எடுத்த நாற்பது படமும் அப்படித்தான். சிரிப்பு மட்டும் இருந்தது, முகத்தில் சந்தோஷம் இல்லை.

அதிலிருந்து பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பாவாடைக்கு அடியில் தெர்மல் லெக்கின்ஸ், முடிந்தால் முழங்கைவரை கை வைத்த ரவிக்கை, முழு உருவப் படம் இல்லாதபோது காலுறையும் ஷூவும். மாப்பிள்ளை வேட்டி கட்டினால் அவருக்கும் உள்ளே லெக்கின்ஸ். ஒவ்வொரு டேக் முடிந்ததும் சால்வையைப் போர்த்திவிட ஓர் ஆளை நிறுத்துங்கள். பிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டுபோங்கள். நம் பிள்ளை நடுங்கும்போது படம் எப்படி வந்தால் என்ன?

நேரக் கணக்கும் வேறு. இங்கே சூரியன் ஏழு மணி சுமாருக்குத்தான் எழும். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கே செடிக்குள் போய் நின்றால் வீணாக ஒன்றரை மணி நேரம் குளிரில் விறைப்பீர்கள். அதுவரை வண்டிக்குள் இருங்கள்.

மற்ற மலைகளில், கெந்திங் மலை கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம்தான், உயரம் சுமார் 1,800 மீட்டர். அங்கே மூடுபனியும் காற்றும் சேர்ந்து வரும், ஆகவே மேல் ஜாக்கெட் முக்கியம். பினாங்குக் கொடிமலை 800 மீட்டர் சொச்சம். கீழே ஜார்ஜ் டவுனைவிட ஐந்து டிகிரி குறைவு, அவ்வளவுதான். மெல்லிய குளிர்சட்டை போதும்.

பனி விழும் கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ ஷூட்டிங் கூப்பிட்டால் கதை வேறு. பூஜ்ஜியத்துக்குக் கீழே பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், ஆகவே மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள். கேமரனில் அந்தத் தொல்லை இல்லை.

கேமராவுக்குக் கேமரனில் சிக்கல் வருவது இறங்கும்போதுதான். குளிர்ந்த கேமராவை ஏசி வண்டியில் வைத்துக்கொண்டு வந்து, மலையடிவாரத் தாப்பாவிலோ கோலாலம்பூரிலோ புழுக்கத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். மலையிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். வீடு வந்தும் அரைமணி நேரம் திறக்க வேண்டாம். மெமரி கார்டை மட்டும் மலையிலேயே கழற்றி வைத்துக்கொண்டால், அந்த அரைமணி நேரத்தில் படங்களை இறக்கிவிடலாம்.