காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் குழாயும் வண்ண அட்டையும் ஏன் பொய்க்கின்றன?

போன தாளடியில் பக்கத்து வயலின் வரப்பு வழியாக நடந்து போனபோது, அங்கே நட்டிருந்த பிளாஸ்டிக் குழாயை எட்டிப் பார்த்தேன். உள்ளே தரைமட்டம் வரை சேறு. சேற்றின் மேல் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. "குழாய் வைத்தும் பார்த்தாயிற்று தம்பி, ஒரு பயனும் இல்லை" என்று அந்த வயல்காரர் ஒரு மாதமாக என்னிடம் சொல்லிவந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சேறு அடைத்த குழாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.

நெல் சாகுபடியில் தண்ணீரையும் யூரியாவையும் மிச்சப்படுத்த வந்த எத்தனையோ ஆராய்ச்சிகளில், எளிய விவசாயிக்கு மிக நெருக்கமானவை என்று நான் நினைப்பவை இரண்டு. ஒன்று, மண்ணுக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் இந்தத் துளையிட்ட குழாய். மற்றொன்று, இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா வேண்டுமா என்று சொல்லும் இலை வண்ண அட்டை. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டாம், கடன் வாங்க வேண்டாம். இரண்டும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: பயிருக்கு இன்றைக்குத் தேவையா, இல்லையா? இவ்வளவு எளியவை பல வயல்களில் பொய்த்துப்போவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. காரணங்கள் சிறியவை. எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதி பயிரின் வேருக்குப் போவதில்லை. கசிந்தும் ஆவியாகியும் வரப்பு வழியே ஒழுகியும் போகிறது. நெல் தண்ணீரைத் தாங்கும் பயிரே தவிர, எந்நேரமும் தண்ணீரில் நின்றாக வேண்டிய பயிர் அல்ல. வயலின் மேல் தண்ணீர் வற்றிய பிறகும் மண்ணுக்குள் சில நாட்கள் வரை வேருக்கு எட்டும் ஈரம் இருக்கிறது. அந்த நாட்களில் பாய்ச்சாமல் விட்டு, பிறகு பாய்ச்சுவதற்குத் தமிழில் அழகான பெயர் அமைந்திருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். எத்தனை நாள் காயவிடலாம் என்பதை ஊகத்துக்கு விடாமல் கண்ணால் பார்க்கவே குழாய். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செம்மைப்படுத்திப் பரப்பியது. சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 விழுக்காடு வரை தண்ணீர் மிச்சமாகும். தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் மீத்தேனும் பெருமளவு குறையும்.

இனி தவறுகளுக்கு வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, மேடுபள்ளமான வயலில் குழாய் நடுவது. சேடை கலக்கி, பரம்புப் பலகை இழுத்து மட்டம் பார்க்காத வயலில், ஒரு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். எதிர் மூலையில் மண் தெரியும். அந்த வயலில் குழாயை எங்கே வைத்தாலும் அது அந்த இடத்தின் கதையைத்தான் சொல்லும். பள்ளத்தில் வைத்தால், மேட்டுப் பயிர் வாடிய பிறகும் "தண்ணீர் இருக்கிறது" என்று காட்டும். மேட்டில் வைத்தால் தேவைக்கு முன்பே மடையைத் திறக்கச் சொல்லும். லேசர் கருவி பூட்டிய டிராக்டர் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பரம்பு இன்னும் இரண்டு சுற்று ஓடட்டும். குழாய் வாங்குவது அதற்குப் பிறகு.

இடம் தேர்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தினமும் பார்க்க வசதியாக வரப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆனால் வரப்பை ஒட்டியே வைத்தால், நண்டு வளை வழியே ஒழுகும் தண்ணீர் கணக்கைக் கெடுத்துவிடும். நான் வரப்பிலிருந்து கைக்கெட்டும் தூரத்தைவிடச் சற்று உள்ளே, வயலின் சராசரி மட்டத்தில் வைக்கிறேன். அண்டை வெட்டி வரப்பைப் பூசாமல் இந்த வேலையில் இறங்குவது வீண்.

குழாயின் அளவு பெரிய ரகசியம் அல்ல. 30 முதல் 40 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டம். மேலே 15 செ.மீ. தெரியவிட்டு, மீதியை மண்ணுக்குள் இறக்க வேண்டும். உள்ளே போகும் பகுதியில் சுற்றிலும் அரை செ.மீ. அளவில், இரண்டு செ.மீ.க்கு ஒன்றாகத் துளைகள். ஒரு பக்கம் மட்டும் நாலு துளை போட்டுவிட்டு நடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே மட்டம் இறங்கி ஒரு நாள் கழித்துத்தான் உள்ளே இறங்கும். பெரிய துளை போட்டால் சேறு உள்ளே வரும். உழவுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் மண்தட்டைக் குழாய் துளைத்துப் போகவும் கூடாது.

நட்ட கையோடு உள்ளே இருக்கும் மண்ணை அடிவரை வாரி எடுக்க வேண்டும். குழாயைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த வயல்காரர் ஒரு மாதம் ஏமாந்திருக்க மாட்டார். சரியாக நட்டோமா என்று அறியவும் எளிய வழி இருக்கிறது: தண்ணீர் பாய்ச்சிச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஒரே மட்டத்தில் நின்றால் குழாய் வேலை செய்கிறது. வேறுபட்டால் துளை அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி நட வேண்டும்.

அளக்கும்போது நடக்கும் பிழை ஒன்று உண்டு. நானே ஒரு பருவம் முழுக்க அதைச் செய்தேன். மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. வரை தண்ணீர் இறங்கியதும் பாய்ச்ச வேண்டும் என்பது விதி. நான் அளவுகோலைக் குழாயின் விளிம்பிலிருந்து விட்டு, 15 வந்ததும் மடையைத் திறந்தேன். விளிம்பே மண்ணுக்கு மேல் 15 செ.மீ. நிற்கிறது. அப்படியென்றால் நான் பாய்ச்சியபோதெல்லாம் தண்ணீர் தரைமட்டத்தில்தான் இருந்தது. ஒரு சொட்டும் மிச்சமாகவில்லை. விளிம்பிலிருந்து அளந்தால் 30 வர வேண்டும். இப்போது ஒரு மூங்கில் குச்சியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்: மேல்கோடு தரைமட்டம், கீழ்க்கோடு பாய்ச்சும் மட்டம். வயலில் வேலை செய்யும் யார் பார்த்தாலும் புரிந்துவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 15 செ.மீ. என்பது எல்லைக்கோடு, அதை எட்டியே தீர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. டெல்டாவின் களிமண்ணில் காய்ச்சல் அதிகமானால் வெடிப்பு விரியும். விரிந்த வெடிப்பில் மறுபடி பாய்ச்சும் தண்ணீர் வேரைத் தாண்டி ஆழத்துக்கு ஓடிவிடும். காயவிட்டு மிச்சப்படுத்தியதை ஒரே பாய்ச்சலில் இழந்துவிடுவோம். மயிரிழை வெடிப்பு தெரியும்போதே மடையைத் திறப்பது களிமண்ணுக்கு நல்லது.

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் விளைச்சல் அடிபடுகிறது. நடவு வேர்பிடிக்கும் முன் காயவிடக் கூடாது. பத்து நாளாவது போக வேண்டும். களை மண்டிய வயலில் இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடலாம். நிற்கும் தண்ணீர்தான் களையை அடக்குகிறது. பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிலிருந்து ஒரு வாரம் பின்பு வரை காய்ச்சலே கூடாது. ஐந்து செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். "குழாய் வைத்தேன், பதர் அதிகமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பூக்கும்போது தண்ணீர் நின்றதா என்பதைத்தான். பூவில் ஈரம் குறைந்தால் மணி பிடிக்காது; பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் பதர் நெல்லாகாது.

ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் வரும் ஊர்களில் குழாயை மட்டும் நம்பியிருக்க முடியாது. அடுத்த முறை எட்டு நாள் கழித்து என்றால், குழாயில் இன்னும் தண்ணீர் தெரிந்தாலும் இன்றைக்குப் பாய்ச்சித்தான் ஆக வேண்டும். இங்கே இந்த நுட்பத்தின் முழுப் பயனும் தனி வயலில் கிடைக்காது. ஒரு வாய்க்காலை நம்பிய எல்லாரும் சேர்ந்து முறையை மாற்றினால்தான் கிடைக்கும். பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் பாசனக் கால்வாயின் முறையையே இதற்கேற்ப அமைத்தார்கள். தலைமடையில் மிச்சமானது கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது. இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடும் நம் ஊரில், மிச்சமாகும் தண்ணீர் பணமாகக் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணற்றின் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்குவது எல்லார் கண்ணிலும் படுகிறது. கடலோரத்து உவர் நிலத்தில் இந்த முறையே வேண்டாம் என்பேன். மண் காயும்போது உப்பு மேலே ஏறிப் பயிரைச் சுடும்.

அடுத்து அட்டை. இலை எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ அவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) அதில் இருக்கிறது என்ற எளிய உண்மையில் பிறந்தது இது. ஜப்பானில் தொடங்கி, 1990களில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வழியாக ஆசியா முழுக்கப் பரவியது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் எண்.

அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பி, அந்தப் படத்தோடு இலையை ஒப்பிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். திரைக்குத் திரை பச்சை மாறும். நகலெடுத்த அட்டையும் அப்படியே. ஆறு பட்டை அட்டையும் உண்டு, நான்கு பட்டை அட்டையும் உண்டு. ஒன்றுக்குச் சொன்ன எண்ணை மற்றொன்றில் தேடக் கூடாது.

படிக்கும் முறை இதுதான். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை. காலை எட்டு முதல் பத்து மணிக்குள், ஒவ்வொரு முறையும் அதே ஆள். வயலில் அங்கங்கே பத்துச் செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மேலிருந்து முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை, பறிக்காமல், பட்டையின் மேல் வைக்க வேண்டும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, நம் உடம்பின் நிழல் இலையில் விழும்படி பார்க்க வேண்டும். வெயில் நேரே பட்ட இலை வெளிறித் தெரியும். அதை நம்பி உரம் போட்டால் அரை மூட்டை வீண். பத்தில் ஆறு இலை குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் மேலுரம் இடலாம். இல்லாவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம்.

அந்த எண் எல்லா ரகத்துக்கும் ஒன்றல்ல. ஆறு பட்டை அட்டையில் பெரும்பாலான ரகங்களுக்கு 4. வெள்ளைப் பொன்னிக்கு 3. வெள்ளைப் பொன்னி இயல்பிலேயே வெளிர்பச்சை. அதை 4க்குக் கொண்டுவர முயன்று யூரியா கொட்டினால், பயிர் உயர்ந்து தளதளவென்று நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் படுத்துவிடும். கரும்பச்சையைப் பார்த்தால் நமக்கு மகிழ்ச்சிதான். இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையான் பூச்சிக்கும் குலைநோய்க்கும் நம்மைவிட அதிக மகிழ்ச்சி.

மஞ்சளெல்லாம் தழைச்சத்துக் குறையும் அல்ல. தழைச்சத்துக் குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். நுனி இலை முதலில் வெளிறினால் கந்தகமோ இரும்போ குறைந்திருக்கலாம். இலையில் துருப்புள்ளி தெரிந்தால் துத்தநாகம். அங்கங்கே திட்டாக மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குட்டைச் செடிகள் நின்றால் துங்ரோ நோயாக இருக்கலாம். அட்டை இவை எல்லாவற்றுக்கும் குறைந்த எண்ணையே காட்டும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் செடியை அடியிலிருந்து நுனி வரை பார்க்க வேண்டும்.

பரிந்துரையைப் படிப்பதில் வரும் குழப்பம்தான் பணத்தை அதிகம் தின்கிறது. "எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து" என்று புத்தகத்தில் இருந்தால், அது 30 கிலோ யூரியா அல்ல. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடுதான். ஆகவே எக்டருக்கு 65 கிலோ யூரியா, ஏக்கருக்கு 26 கிலோ. தஞ்சைக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர் என்றால், மாவுக்கு ஒன்பது கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மூட்டைக் கணக்கில் பேசுகிறவர்கள், 2018 முதல் மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகிவிட்டதையும் நினைவில் வைக்க வேண்டும். நான் கடைக்காரரிடம் மூட்டை கேட்டு வாங்கினாலும் வயலில் தராசில் நிறுத்தே எடுக்கிறேன்.

யூரியா எறியும் நேரத்தில் குழாயும் அட்டையும் ஒன்றுக்கொன்று துணை. தண்ணீர் நிற்கும் வயலில் நடுப்பகலில் எறிந்த யூரியா அம்மோனியாவாக மாறி ஆவியாகிப் பெருமளவு காற்றோடு போகிறது. குழாயில் மட்டம் இறங்கி, மடை திறக்கப்போகிறோம் என்ற மாலையில், தண்ணீர் வற்றிய மண்ணில் யூரியாவை எறிந்து, உடனே பாய்ச்சினால் அது தண்ணீரோடு வேர்ப்பகுதிக்கு இறங்கும். ஆகவே அட்டை பார்க்கும் நாளைக் குழாயின் மட்டத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆனால் கெடுதல் இல்லை. எறிந்துவிட்டு நாலு நாள் காயவிட்டால்தான் கெடுதல்.

அறுவடைக்கு முன் வயலை வடிக்கும்போதே குழாயைப் பிடுங்கிவிடுங்கள். கதிர் முற்றிச் சாய்ந்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. அறுவடை இயந்திரத்தின் கத்தி அதில் சிக்கினால் வாடகைக்கு மேல் பழுதுச் செலவும் நம் தலையில் விழும். பிடுங்கிய குழாயை அன்றே கழுவினால் துளையில் சேறு இறுகாது. அட்டையை வெயில் படாத இடத்தில், துணியில் சுற்றி வைத்தால் அடுத்த குறுவையிலும் அதன் பச்சை மாறாமல் இருக்கும்.